உதவிப் பக்கத்திலிருந்து வெளியேறுவது

மே 6, செவ்வாய்
கத்திரி வெயில். தீவிர யோசனைக்குப் பின், இயந்திரத்தின் உபயோகக் குறிப்பைப் படித்துப் பார்ப்பது என்று காலை ஒன்பது மணிக்கு முடிவெடுத்தேன். இந்தக் கம்பெனியில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. டீ குடித்துவிட்டுத் தொடங்கினேன்.

எங்கள் பீங்கான் சூளைக்குப் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. குறிப்பைப் புத்தகமாகத் தரவில்லை, உள்ளேயே வைத்திருக்கிறார்கள். எஃப்-1 தட்டினால் திறக்கும். திறந்தது. திரையின் அடியில் ஒரு முக்காற்புள்ளி மினுங்கியது. அடுத்து ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஸ்பேஸ் தட்டினால் பக்கம் நகர்கிறது. கடைசியில் ‘முடிந்தது’ என்று வருகிறது. முடியவில்லை. எஸ்கேப்புக்கும் அசையவில்லை.

வெளியேறும் வழி, ‘குறிப்பைப் பயன்படுத்துவது எப்படி’ என்ற இன்னொரு குறிப்பில் இருக்கிறதாம். அதைத் திறந்தேன். இப்போது இரண்டிலிருந்து வெளியேற வேண்டும்.

லோடு ஏற்றும் பக்கிரி எட்டிப் பார்த்தான். “இன்னா சார், உள்ள போனவரு இன்னும் வெளிய வரலியா? வூட்டுக்குச் சொல்லி அனுப்பட்டா?”

சுவிட்சை அணைத்தேன். நல்லவேளை, சூளை காலி.

மே 7, புதன்
முதலாளி உத்தரவு. புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லா சனிக்கிழமை தனியாக ஒரு லோடு சுட வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த இடத்துக்கு முதலாளியின் மச்சான். பார்த்து அறிக்கை தர வேண்டியது நான்.

“இது போச்சுன்னா திருப்பூரு பனியன் கம்பெனிதான் சார்” என்றாள்.

அவளும் குறிப்புக்குள் மாட்டிக்கொண்டாள். ஏ, பி, சி என்று வரிசையாகத் தட்ட ஆரம்பித்தாள். ஹெச்சில் இன்னொரு குறிப்பு திறந்தது. தளரவில்லை. க்யூவில் ஒன்று மூடியது. மறுபடி க்யூ. வெளியே.

எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். மூடுவதற்கு எழுத்து தேவைப்பட்டதில்லை.

மே 9, வெள்ளி
கம்ப்யூட்டர் கொடுத்த நிறுவனத்துக்கு மெயில்:
வெளியேறும் எழுத்தை முதல் பக்கத்திலேயே போடலாம்.
குறிப்பு திறந்திருக்கும்போது சூளையின் வெப்பம் திரையில் மறைந்துவிடுகிறது. வெப்பம் எகிறினால் என்ன செய்வது என்று படிப்பவருக்கு, வெப்பம் எகிறுவது தெரியாது.

மாலையே பதில். ‘விவரங்களுக்கு உதவிப் பக்கத்தைப் பார்க்கவும்.’

பல் வலி. கிராம்பு.

மே 10, சனி
சூளையில் ஒரு லோடு ஃபியூஸ் கேரியர். 1240 டிகிரி தொட்டதும் கேஸைக் குறைக்க வேண்டும். தாண்டினால் மேல்பூச்சு உருகி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்டெல்லா காலையிலிருந்து நகரவில்லை. நன்றாகவே போனது.

1225-இல் முதலாளி வந்தார். அவள் எழுந்தாள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “இதுல இன்னாம்மா பெரிய வித்த இருக்குது?” எஃப்-1 தட்டினார். வெப்பம் மறைந்தது.

“க்யூ அழுத்துங்க சார்.”

“தெரியும்மா. படிச்சிட்டுதான இருக்கேன்.”

ஸ்பேஸ். ஸ்பேஸ். எஸ்கேப். முகத்தில் ஆழ்ந்து படிக்கும் பாவனை. எனக்கும் எழுத்து தெரியும். முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று எழுத்து சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை.

சூளைப் பக்கமிருந்து பக்கிரி. “உள்ள வெள்ளையா ஆவுதுங்க!”

ஸ்டெல்லா அவர் கைக்குக் குறுக்கே கை நீட்டி க்யூவைத் தட்டினாள். 1239. நின்றபடியே கேஸைக் குறைத்தாள்.

“நான் இன்னும் படிச்சி முடிக்கல” என்றார் முதலாளி. எழுந்து போனார்.

மே 12, திங்கள்
சூளை திறந்தோம். ஒன்றுகூட ஒட்டவில்லை. பக்கிரி: “ஜம்முனு வந்துருக்குது. பாப்பாவுக்குப் பொன்னாட ஒண்ணு போத்துங்க சார்.”

அறிக்கை கொடுத்தேன். ஒரே வார்த்தை: தேர்ச்சி. முதலாளி படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு ஸ்டெல்லா சாப்பாட்டுப் பையோடு வந்து, அடையாள அட்டையை என் மேசையில் வைத்தாள். “போயிட்டு வரேன் சார்.”

மச்சான் நாளை காலை வருகிறார்.