செவ்வாய்க்கிழமை மயக்கம்

1958, ஆடி இரண்டாம் வெள்ளி, இரவு

மூத்த பேரன் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறிவிட்டான். பேத்தி டீச்சர் வேலைக்குப் போகிறாள். சின்னவன் குமாருக்கு அம்மனே அருள் தந்துவிட்டாள் என்று செவ்வாய்க்கிழமை பூரித்துப் போனேன். கால் முறிந்து ஒரு மாதம் மாவுக்கட்டோடு படுத்திருந்தவன், கட்டுப் பிரித்த மறுநாளான அன்றைக்குக் கிணற்றடியில் மயங்கி விழுந்தான். அருள் வந்ததென்று திருநீறு பூசி எழுப்பினேன். "அம்மாகிட்ட சொல்லாதடா, கோயிலுக்கு விடமாட்டா" என்றேன்.

இன்று நேர்த்திக்கடன் செலுத்தப் போன இடத்தில், மாரியம்மன் சந்நிதியில் மறுபடி விழுந்தான். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மருமகள்தான், "அருளாவது அத்தை! உதடெல்லாம் நீலமா போச்சு, டெக்சி கூப்பிடுங்க!" என்று அலறினாள்.

கட்டுப் போட்ட காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாம். மயக்கம்கூட அதற்கு அடையாளமாம். "இதுக்கு முன்னாடி மயங்கி விழுந்திருக்கானா?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் மருமகள்.

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறான். விடிந்து, இங்கே எங்கள் காஜா பேராங்கிலிருந்து முதல் பஸ் எடுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மருமகள் கேட்டுக்கொண்டு நின்றாலும் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் தாயே, அவன் மூச்சைக் காத்துக் கொடு.