ஐந்தாம் மாடியில் ஆண்டுப் பொதுக்கூட்டம்

மார்ச் 4
மாமனார் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அவருக்கு முட்டி வலி. வீடோ ஐந்தாம் மாடி. கட்டடம் மாநகராட்சியின் வீட்டுவசதிக் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனிக்குத் தலைவர் நான். காலையிலேயே போன்.

"லிஃப்ட் எப்போ மாப்பிள்ளை ஓடும்?"

"கம்பெனி வேற, மாநகராட்சி வேற மாமா. அவங்க அனுமதிக்கணும்."

"அங்க யாரைக் கேக்கணும்?"

உங்கள் வார்டு கவுன்சிலரை என்றேன். அதுவும் நான்தான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மார்ச் 7
கவுன்சிலர் என்ற முறையில் கம்பெனித் தலைவருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன்.

மார்ச் 8
கடிதம் வந்து சேர்ந்தது. என்ன திமிர் இந்த ஆளுக்கு! 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டேன்.

மார்ச் 10
பதில் கிடைத்தது. சுத்த மழுப்பல்.

மார்ச் 11
மனைவி இரண்டு கடிதங்களையும் படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எங்கப்பா ஜன்னல் வழியாத்தான் தெருவையே பாக்கறாரு. நீங்க உங்களுக்கே லெட்டர் போட்டு விளையாடறீங்க." அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. இதற்கு யார்தான் பொறுப்பு? எல்லா நாற்காலியிலும் நானே உட்கார்ந்திருக்கிறேன் - ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

மார்ச் 15
மேயரைப் பார்த்தேன். கம்பெனியின் முழுப் பங்கும் மாநகராட்சியுடையது. பங்குதாரர் என்று கையெழுத்துப் போடுபவர் அவர்தான். "அது உங்க கம்பெனி விவகாரம். நான் தலையிட்டா நல்லா இருக்காது" என்று காபி கொடுத்து அனுப்பினார். காபி நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 18
ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எங்கே வைப்பது என்று செயலாளர் கேட்டார். விதிப்படி, கம்பெனிக்குச் சொந்தமான எந்தக் கட்டடத்திலும் வைக்கலாமாம்.

எந்தக் கட்டடத்திலுமா? எந்த மாடியிலுமா?

அறிவிப்பு போய்விட்டது.

மார்ச் 29
மாமனார் வீட்டுக் கூடத்தில் கூட்டம். இயக்குநர்கள் வியர்த்து விறுவிறுத்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். மேயர் மூன்றாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவன்யா இந்தக் கம்பெனிக்கு ஓனர்? அவனை முதல்ல ஏறச் சொல்லு!"

மேலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். "நீங்கதாங்க. இன்னும் ரெண்டே மாடி, மெதுவா வாங்க."

முதல் தீர்மானம், லிஃப்டை உடனே சரிசெய்வது. இரண்டாவது, என்னைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கி மேயரையே அமர்த்துவது. இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. நானும்தான் கை தூக்கினேன்.

ஏப்ரல் 12
லிஃப்ட் ஓடுகிறது. மனைவி பேசுகிறாள், கொஞ்சம் அதிகமாகவே.

மாலையில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமனார் - தனியாக, இஸ்திரி போட்ட சட்டையில். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"சமையலறைக் குழாய் ஒழுகுது மாப்பிள்ளை. புதுத் தலைவர் வீடு எங்க இருக்கு?"

"இருங்க மாமா, நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.