உள்பக்கம் பார்த்து வாங்கிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பீரோவில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் வாங்கித் தந்த காபி நிறக் கைப்பை மேலிருந்து சரிந்து மடியில் விழுந்தது. புதுத்துணி வாசனை இன்னும் போகவில்லை. உள் ஜிப்பைத் திறந்தேன். உங்கள் ஸ்டிக்கர் பட்டை கையோடு வந்தது. விரல் நகத்தளவு சிவப்பு அம்புகள், வழவழப்பான தாளில் வரிசையாக இருக்கின்றன. மூன்று இடம் மட்டும் காலி. அந்த மூன்றும் எங்கே போயின என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து நான் இந்தப் பையைத் தொடவே இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல் சுற்றி வளைத்து, சொல்லாமலே முடித்துவிடுவேன். பதினோரு நாளைக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் ஒன்று தட்டுப்பட்டது. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் உங்களுக்கும் வலிக்கவில்லை. நேற்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

திருப்பூர் நல்லூர் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் ஒரே செக்கிங் டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, தையல் விட்ட இடத்தில், கறை பட்ட இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டுவது நம் வேலை. சரிசெய்ய முடிந்தது ஆல்டர் கூடைக்கு, முடியாதது ரிஜெக்ட் கூடைக்கு. நீங்கள் நாலைந்து அம்புகளை முன்கூட்டியே பிரித்து மணிக்கட்டில் ஒட்டி வைத்திருப்பீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் ஒன்றிரண்டு ஒட்டியே இருக்கும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால் டேபிளுக்கே கேட்கிறமாதிரிச் சொல்வீர்கள்: “இங்கியே கண்ணுல பட்டா ஆல்டருங்க. கப்பலேறிப் போயிப் பட்டா ரிஜெட்டுங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.” அவர் அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் காதர்பேட்டை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கால் பரபரக்கிறது அக்கா. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சரக்கு குவிந்து கிடக்கும் கடைகளில் நீங்கள் துணியைக் கண்ணால் பார்க்க மாட்டீர்கள், முதலில் கையால் பார்ப்பீர்கள். கழுத்துப் பட்டியில் லேபிளை வெட்டிவிட்டிருப்பார்கள், பேர் இருக்காது. உங்களுக்குப் பேர் எதற்கு? சட்டென்று உள்பக்கம் திருப்பி, தோள் தையலை ஒருதரம் இழுத்துவிட்டு, “இது நல்ல ஊட்டுப் புள்ள” என்று எடுத்து வைப்பீர்கள். மற்றவர்கள் நிறம் பார்த்து வாங்குவார்கள். நாம் உள்பக்கம் பார்த்து வாங்குவோம், அப்புறம்தான் நிறம். ஆனால் நிறத்திலும் உங்களை யாரும் அசைக்க முடியாது. எலுமிச்சை மஞ்சள் சட்டைக்குக் கத்தரிப்பூ நிறப் பேண்ட் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்தீர்களே, கேட்டில் இருந்த வாட்ச்மேன் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் யாரோ வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்.

வீட்டையும் விட்டுவைக்கவில்லை நீங்கள். இரண்டே அறை, அதில் கதவுக்கு ஒரு திரை, ஜன்னலுக்கு ஒரு திரை, அலமாரிக்குக்கூட ஒரு திரை. குஷன் உறை மட்டும் ஆறு ஜோடி வாங்கினீர்கள். சோபாவே கிடையாது. நான் சிரித்தபோது, “உறை தயாரா இருந்தா சோபா தன்னால வரும் அம்மிணி” என்றீர்கள். அதுவரை பழைய பனியன் வேஸ்டை உள்ளே அடைத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்தீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தால் எனக்கு நானே பெரிய மனுஷியாகத் தோன்றும்.

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த புதிதில் கடைக்குள் நுழையவே பயப்படுவேன். கண்ணாடிக் கதவு போட்ட கடை என்றால் வாசலோடு சரி. அப்படிப்பட்டவளைத்தான் கோயம்புத்தூர் மாலுக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனீர்கள். நகரும் படியின் முன்னால் நான் நின்றே விட்டேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

“யக்கா, எனக்கு ஏலாது. நான் இங்கனயே இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க” என்றேன்.

“அது பாட்டுக்குப் போகுது, உன்னைய என்ன பண்ணுது? கண்ணை மூடிக்கோ, காலைத் தூக்கி வெய்யி” என்று என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டீர்கள். மேலே போய்ச் சேரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

அந்தப் பெரிய கடைக்குள் குளிர்காற்றும் ஏதோ பூவாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. வீட்டுச் சாமான் பகுதியில் கல் வேலை செய்த தட்டுகள், மூங்கில் விளக்குகள், தொட்டால் வழுக்கும் படுக்கை விரிப்புகள். எதையும் தொடப் பயந்து நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். நீங்கள் எல்லாவற்றையும் தொட்டீர்கள். “தொட்டுப் பாக்கத்தானே வெச்சிருக்காங்க” என்று, காட்சிக்கு வைத்திருந்த சாம்பல் நிறச் சோபாவில் போய் உட்கார்ந்தே விட்டீர்கள். அதிலிருந்த குஷனைச் சாண் போட்டு அளந்து, “என்ற ஊட்டு உறை இதுக்குப் பத்தும்” என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்தச் சோபாவை நீங்கள் வாங்கியதாகவே எனக்கு இன்றும் ஞாபகம்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து. பெண்கள் உடுப்பு வரிசையில் ஒரு டாப்பை எடுத்தீர்கள், உள்பக்கம் திருப்பினீர்கள். கை அது பாட்டுக்கு மணிக்கட்டுக்குப் போனது. மணிக்கட்டில் ஒன்றுமில்லை, அன்றைக்கு ஞாயிறு. பர்ஸைத் திறந்து பட்டையை எடுத்து, அக்குள் தையலில் ஒரு அம்பை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள். நானும் டேபிளில் நிற்கிற நினைப்பில், “யக்கா, இதுல கீழ் மடிப்பு ஏறி இறங்கி இருக்கு” என்று இன்னொன்றை நீட்டினேன். மூன்றாவது அம்பு ஒட்டும்போது விற்பனைப் பெண் பார்த்துவிட்டாள். அவள் போய்ச் செக்யூரிட்டியைக் கூட்டிவந்தாள், செக்யூரிட்டி கடை மேனேஜரைக் கூட்டிவந்தார்.

“விலை ஸ்டிக்கரை மாத்தி ஒட்டறீங்களா?” என்று கேட்டார் மேனேஜர். போலீஸ், கம்பெனி, என் வீட்டுக்காரர் முகம், ஊரில் இருக்கும் என் அம்மை காதுக்குப் போகிற செய்தி என்று எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து போயின. உங்களுக்குக் குரல்கூட ஏறவில்லை.

“மாத்துலீங்க சார். அந்த அம்பு மூக்குக்கு நேரா கொஞ்சம் பாருங்க. ஊசி தையல வுட்டுருக்குது. நாலு தடவ தொவைச்சா வாயப் பொளந்துக்கும். வாங்கறவங்க உங்களத்தானுங்க கேப்பாங்க.”

அவர் பார்த்தார், விரலால் இழுத்துப் பார்த்தார். நூல் கையோடு வந்தது. “நீங்க திருப்பூருங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு மூன்றையும் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். நீங்கள் அந்தப் பட்டையை என் கையில் திணித்து, “உங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா மறுக்காவும் ஒட்டிப்போடுவேன்” என்றீர்கள்.

இங்கேயே இந்தக் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கம்பெனியில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்.

பாசிப்பச்சை நிறத்தில் ஒரு குர்தாவை எடுத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கும் அறைக்குள் என்னையும் இழுத்துப் போனீர்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. கழற்றி மாட்டும்போது திடீரென்று நின்றீர்கள். “அம்மிணி, இங்க கைய வெச்சுப் பாரு” என்றீர்கள். வைத்தேன். விரலுக்குக் கீழே அது இருந்தது. நான் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டையை விரலால் கண்டுபிடிக்கிறவள், எனக்குத் தெரியாமல் போகுமா? கண்ணாடியில் மூன்று பக்கமும் உங்கள் முகம் தெரிந்தது, மூன்றிலும் பயம். எதற்கும் அஞ்சாத உங்களுக்கு ஆஸ்பத்திரி ஒன்றுதான் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கையை எடுத்துவிட்டேன். “ஒண்ணும் இல்லக்கா. கொழுப்புக் கட்டி. எங்க அம்மைக்கும் இருந்துச்சு, தன்னால கரைஞ்சு போச்சு” என்றேன்.

எங்கள் அம்மைக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்கள் மூச்சு விட்டீர்கள். “அப்படித்தான் நானும் நெனச்சேன். இந்தப் பச்சை எனக்கு எடுப்பா இருக்குதா?” என்று கேட்டீர்கள். இருக்கிறது என்றேன், அது மட்டும் பொய்யில்லை. வெளியே வந்து எனக்கு இந்தக் கைப்பையை வாங்கித் தந்தீர்கள். பட்டையை அதற்குள் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது எல்லை தாண்டியிருந்தது. அங்கே கொடுத்த அங்கியை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, “இதையெல்லாம் யாரு பாஸ் பண்ணுனாங்க?” என்று கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை. கடைசியாக நான் வந்த அன்று எதையோ சொல்லி அழ ஆரம்பித்தேன். நீங்கள் முடிக்க விடவில்லை. “நீ பொய் சொன்னீன்னு அன்னைக்கே தெரியும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாஸ் பண்ணிப்போட்டோம்.” அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தீர்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் அக்கா.

அப்படியிருந்தும் இந்தப் பதினோரு நாளில் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கடைக்குப் போனேன். நீங்கள் போனபின் ஒரு நாள்கூடக் காதர்பேட்டைக்குப் போகாதவள், இப்போது மூன்று தடவை போனேன். திரை வாங்கினேன், படுக்கை விரிப்பு வாங்கினேன், மேஜைவிரிப்பு வாங்கினேன், எங்களிடம் மேஜையே இல்லை. துணியைக் கையில் பிடித்திருக்கும்வரை பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. “ஏனுங்க, ஊட்ல விசேசமுங்களா?” என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் நாலு நைட்டி. நாலும் முன்பக்கம் பொத்தான் வைத்தவை. ஆஸ்பத்திரியில் நீங்கள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது உங்களுக்காக நான் தேடித் தேடி வாங்கினேனே, அதே மாதிரி. என் கை எனக்குத் தெரியாமல் அதையே பொறுக்கியிருக்கிறது. அதையெல்லாம் கண்ணில் படாமல் பீரோவுக்குள் திணிக்கத்தான் இன்று காலை இடம் ஒதுக்கினேன், அப்போதுதான் பை விழுந்தது.

பட்டையிலிருந்து ஒரு அம்பைப் பிரித்தேன். இரண்டு தடவை கோணலாகப் போனது. மூன்றாவது தடவை மார்பில் அந்த இடத்தைக் காட்டும்படி நேராக ஒட்டினேன். ஒட்டியபிறகு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒன்பது வருஷத்தில் அம்பு ஒட்டிய பீஸை நான் ஓகே கூடையில் போட்டதே கிடையாது.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையிலிருந்த டீ டம்ளரை வைக்க இடம் தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். “எத்தன நாளா?” என்றார். சொன்னேன். “கெளம்பு, சட்டைய மாத்திட்டு வாரேன்” என்றார்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் பக்கத்தில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பயம் போகவில்லை அக்கா. எழுத்து கோணுகிறது. இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே என்ன சொல்வார்களோ தெரியாது. ஆல்டரா, மற்றதா என்று நான் சொல்ல முடியாது. கப்பல் ஏறுவதற்கு முன் கொண்டுவந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

சற்று முன் டாக்டரம்மா பார்த்தார். எங்கே என்று கேட்டார். துணியை விலக்கினேன். அவர் அம்பைப் பார்த்தார், அதன் மூக்குக்கு நேராக விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

“இதை யாரும்மா ஒட்டினது?” என்று கேட்டார்.

“செக்கிங் அக்கா” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஸ்கேனுக்குப் போகுமுன் அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். எறிய மனம் வரவில்லை. இடது மணிக்கட்டில் ஒட்டியிருக்கிறேன், நீங்கள் ஒட்டுகிற அதே இடத்தில்.