நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர்

மார்ச் 8, 1968. 14:00
வடகோடி ரேடார் நிலையம். பொறுப்பு: கென்னாதி யெர்மோலின். குளிர் மைனஸ் 31. புதிய ரிசீவர் ஒழுங்காக ஓடுகிறது. இன்று இரண்டு பேய்ப்புள்ளிகள் (வானத்தில் ஒன்றுமில்லாமல் திரையில் தெரிபவை): 11:40, 12:25. கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் குறித்தேன், ஷிப்ட் முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். துடைக்க வேண்டும் என்ற விதியை எழுதியவனே நான்தான். மேலே சொன்னால் விசாரணைக் கமிஷன் வந்து உயிரை வாங்கும்.

ராயா நாளை வருகிறாள். இன்று மகளிர் தினத்துக்கே வந்திருக்க வேண்டியவள். மூடுபனி! முப்பது வருடம் ரேடார் கட்டினேன்; எந்த ஊரில் கட்டுகிறேன் என்று மனைவியிடம் சொன்னதில்லை. நான் இங்கே வந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகுதான் அவளுக்கு அனுமதி. அவளுக்காக ஒரு சாக்லெட் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9. 11:55
11:40க்கு அஞ்சல் விமானம் வந்தது. இரண்டு வட்டமடித்து மேற்கே போனது. நேற்று அதே நிமிடம் பேய்ப்புள்ளி செய்ததும் அதையேதான். அடக் கடவுளே, இவை பேயல்ல. ரிசீவர் நாளைய எதிரொலியை இன்றே பிடிக்கிறது.

அப்படியானால் 12:25? அந்தப் புள்ளி மெதுவாக வந்தது, ஹெலிகாப்டர் வேகம். நிலையத்திலிருந்து நாற்பத்தொன்றாம் கிலோமீட்டரில் அணைந்தது. எந்தப் பாதையில் வந்தது? நினைவில்லை. குறியைத் துடைத்துவிட்டேனே, பாவி! ராயா ஹெலிகாப்டரில் 11:30க்கே கிளம்பிவிட்டாள்.

12:21
ஹெலிகாப்டர் இப்போதுதான் ரேடியோ எட்டும் தூரத்துக்கு வந்தது. ரேடியோ மௌன விதியை மீறினேன். "உடனே திரும்பிப் போங்க!"
பைலட்: "கீழ பூரா மூடுபனி. நேர்வழின்னா கண்ண மூடிக்கிட்டு வந்துருவேன். இப்ப எதுக்குத் திரும்பணும்?"
"உத்தரவு. திரும்புங்க!"
பிறகு ராயா: "கென்னா, நீயா? நீ இருக்கிற இடத்த இப்பத்தான் கண்ணால பாக்கப் போறேன். போன்னு சொல்றியா?"
"நாளைக்கு வா, ராயா. கெஞ்சிக் கேக்கறேன்."

12:26
நாற்பத்துநான்கில் திரும்பத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டர் பெரிய வளைவெடுத்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. அணைந்தது.

இப்போது நினைவு வருகிறது. நேற்றைய புள்ளியும் வளைந்துதான் அணைந்தது. நேர்வழியில் மலை கிடையாது. வளைவில் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் சாக்லெட்டைப் பிரித்திருப்பாள்.

12:50
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் இல்லை. நாளை மதியம் தேடல் ஹெலிகாப்டர்கள் அனுப்புவதாகத் தலைமையகம் சொல்கிறது. பிழைத்திருக்கலாமாம், நம்பிக்கையோடு இருக்கவேண்டுமாம்.

மார்ச் 9. 13:30
இதைக் கண்டெடுப்பவரே, இந்தக் குறிகளை நான் துடைக்கவில்லை, கண்ணாடியில் அப்படியே இருக்கின்றன. நாளைய தேடல் ஹெலிகாப்டர்கள் திரையில் வந்துவிட்டன. மூன்று. நாற்பத்தொன்றில் ஒருமுறை சுற்றுகின்றன.

ஒன்றுகூட இறங்கவில்லை. திரும்பிப் போகின்றன.