மறுபக்கத்துப் பாட்டு

ஹார்லிங்கன்,
3 ஜூன் 2024

அன்புள்ள மார்லூஸ்,

நலம்தானே? மகள் ஃபெம்கெ கல்யாணத்துக்கு ரோட்டர்டாமிலிருந்து நீ வந்துபோனதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என்னைத் தவிர என்று எழுதினால் கோபிப்பாய். எழுதிவிட்டேன்.

நம் ‘வடகடல்’ ஒலித்ததும் கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்களே, அப்போது மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, “மாமா, இதுதானே நீங்க போட்ட பாட்டு?” என்றான். “ஆமா” என்றேன். ஒலித்தது உன் ரீமிக்ஸ். என் மகள் கல்யாணத்திலும் அதுதான்!

மெட்டு என்னுடையது. 1999இல் இசைத்தட்டின் முதல் பக்கமும் என்னுடையது. மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்றுதான் உன்னை ஒரு ரீமிக்ஸ் செய்து தரக் கேட்டேன். டிரான்ஸ் நடன இசை கேட்கிற கூட்டம் மொத்தமும் தட்டைத் திருப்பிப் போட்டது. இப்போது கம்பெனி வெள்ளிவிழா வெளியீடு போடுகிறதாம். உன்னுடையது முதலில், புது ஆட்களின் ஐந்து ரீமிக்ஸ் நடுவில், என்னுடையது கடைசியில். ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

சீட்ஸே


ரோட்டர்டாம்,
11 ஜூன் 2024

பிரியமுள்ள சீட்ஸே,

அன்று நீ எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். பின்னாலேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் இனித்தது.

நீ மட்டும்தான் பொருமுகிறாய் என்று நினைக்காதே. இருபத்தைந்து வருஷம் முன்னால் ஸ்டூடியோவில் ரொட்டியை மென்றுகொண்டே ஒரு கையால் ‘வடகடல்’ மெட்டின் அந்த ஏழு சுரங்களை வாசித்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்டாய். “பரவால்ல” என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். இது எனக்கு ஏன் வரவில்லை என்று. உன்னை ஜெயிக்கத்தான் அந்த ரீமிக்ஸைச் செய்தேன். உன் தாளத்தையெல்லாம் உருவி எறிந்தேன். ஜெயித்து என்ன? நாற்பது பேர் பாட்டுக்கு ரீமிக்ஸ் செய்துவிட்டேன், எனக்கென்று ஒரு மெட்டு பிறக்கவில்லை.

உன்னுடையதே முதலில் வரட்டும் என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடு, பிடிவாதக்காரா.

என்றும் உன் தோழி,
மார்லூஸ்


ஹார்லிங்கன்,
20 ஜூன் 2024

மார்லூஸ்,

உன் ரீமிக்ஸை நேற்றுவரை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. இரண்டாம் நிமிடத்தில் எழுந்து போய்விடுவேன். நேற்று துறைமுகத்தில் காரை நிறுத்தி ஒன்பது நிமிடமும் கேட்டேன். தாளம் அடங்கி, சுரங்கள் மட்டும் தனியாக எழும் இடத்தில் என் மெட்டு எனக்கே புதிதாக இருந்தது. பாழாய்ப்போனவளே, உன்னுடையதுதான் நல்லது.

உன்னுடையதே முதலில் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். நீ விட்டுக்கொடுத்து வருகிற இடம் எனக்கு வேண்டாம்.

வெளியீட்டு விழாவுக்கு வரமாட்டேன். கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. இந்தப் பொறாமை ஆறியதும் நானே எழுதுகிறேன். ஆறாவிட்டால், மன்னித்துக்கொள்.

சீட்ஸே