மெஷினுக்கு வந்த டீ

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நான் நலம். உங்கள் முட்டி வலி தேவலையா? பம்புத் தண்டு ஆர்டருக்கு இன்னும் காத்திருக்கிறீர்களா?

எங்கள் வியட்நாம் ஆலை நிர்வாகம் மூன்று முறை கூடி, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது: இனித் தொழிலாளி டீயைத் தேடிப் போகமாட்டான், டீ மெஷினுக்கே வரும். நம் துடியலூர்ப் பட்டறை வழக்கத்தை நான்தான் எடுத்துச் சொன்னேன்.

“ஏனுங்க தாரிக், மெஷினை உட்டு நகர்றதுக்கு இருந்த ஒரே சாக்கையும் கெடுத்துப்போட்டீங்களே!” என்கிறார் கூட வேலைசெய்யும் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் ஜெரோம். உற்பத்தி கூடி, அடக்கவிலை இறங்கிவிட்டது. எனக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள்.

பருப்புப் பொடி அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் முகவரியை அம்மாவே எழுதட்டும். அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்வேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. நீங்கள் காத்திருக்கும் அந்தப் பம்புத் தண்டு ஆர்டர், விலை குறைவென்று நேற்று எங்கள் ஆலைக்கு வந்தது.

தாரிக்