பிள்ளைகள் தூங்கும் அறை

மாசி 4, திங்கள்

காலையில் பனி. உதடு வெடித்து எரிகிறது. மில்லுக்குப் போகும்போது வெண்ணெய் தடவிக்கொண்டேன்.

மறுபடி அலமாரிச் சாவி கேட்டேன். மறுபடி இல்லை. மர வளையம், வண்ண மணி, கிலுக்கு, தொட்டுப் பார்க்கச் சொரசொர அட்டை எல்லாம் உள்ளே. மானேஜர் சொல்கிறார்: “ஒறம்பரை, விருந்தாளின்னு வர்றப்ப எடுத்துக்கலாமுங்க. புள்ளைக கை பட்டா அழுக்காயிரும்.” பிள்ளைகள் கை படக் கூடாத விளையாட்டுச் சாமான். எதற்கு வாங்கினார்கள்?

முனிசிபல் பள்ளியில் சிறு வகுப்பு டீச்சர் வேலையை விட்டுவிட்டு இந்த மில் பிள்ளைகள் அறைக்கு வந்தது, முதலாளியின் மனைவி சொன்னதை நம்பி. “மில்லு வேல செய்யற பொம்பளைக கொழந்தைகளும் வெளையாடிப் படிக்கோணும்” என்றார்கள். நான் வந்து பார்த்தது பாயும் தூக்கமும்தான்.

செல்லாத்தாள். மூன்று வயது முடிந்துவிட்டது. நூற்பு இலாகா மாராத்தாளின் மகள். வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளங்கையில் புளியங்கொட்டை வைத்தேன். விரல் மடங்கவில்லை, உருண்டு விழுந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் மட்டும் திரும்புகிறது. இந்த வயதில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டும், அது என்ன இது என்ன என்று உயிரை வாங்க வேண்டும். மற்றதுகளும் ஏறக்குறைய இப்படித்தான்.

மானேஜர் எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். “சத்தமே இல்லீங்களே. இப்படித்தான் இருக்கோணும்.”

சோப்பு வாங்க வேண்டும். விளக்குத் திரி.

மாசி 10, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. மில் விடுமுறை. காய் வாங்கத் தொழிலாளர் லைன் வழியாகப் போனேன்.

செல்லாத்தாள் கோழி துரத்திக்கொண்டிருந்தாள். நம்ப முடியாமல் நின்றுவிட்டேன். கொஞ்சம் தள்ளாட்டம்தான், ஆனால் ஓட்டம். குனிந்து மண்ணை அள்ளி வீசினாள். “போ கோழி, போ” என்று கத்தல். மூக்கு ஒழுகல், சிடுசிடுப்பு, அடம். அழகு.

மாராத்தாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். “ஞாயித்துக்கெழமையானா இவ இம்சை தாங்க முடியலீங்க. மில்லுல எப்படித்தான் சும்மா இருக்காளோ.”

நானும் அதைத்தான் கேட்கிறேன். வீட்டில் பேசும் குழந்தைக்கு மில்லில் வாய் எங்கே போகிறது?

காய் வாங்காமலே திரும்பிவிட்டேன். ரசம் மட்டும்.

மாசி 11, திங்கள்

இன்று ஆறு மணிக்கே போனேன். தாய்மார் அந்த நேரத்துக்கே பிள்ளைகளை விட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுகிறார்கள். நான் ஒன்பதுக்கு வரும்வரை ஆயா ராமாத்தாள் பார்த்துக்கொள்வாள்.

பார்த்துக்கொண்டதை இன்று கண்ணால் கண்டேன். வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு வாயிலும் விரலால் தேன். தேனில் கருப்பாக ஏதோ குழைத்திருந்தாள். முகர்ந்தேன். அபின்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். ராமாத்தாள் அழுதுவிட்டாள். “நானா வாங்கறனுங்க? மேஸ்திரி கொண்டாந்து குடுக்கறாருங்க. புள்ள அழுதா தாய்க்காரி மெஷினை உட்டுப்போட்டு ஓடியாந்தர்றா, நூலு அறுந்து போவுதுன்னு மானேஜரு சொன்னாருங்களாம்.”

தாய்மாருக்குத் தெரியுமா என்றேன். சளி பிடிக்காமலிருக்க மருந்து என்று சொல்லியிருக்கிறதாம்.

அபின் டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

மாசி 12, செவ்வாய்

மில் டாக்டரிடம் போனேன். பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. “கடுகளவு தானேம்மா. எந்த ஊட்டுல குடுக்கல?”

மானேஜரிடம் போனேன். தனக்கு எதுவும் தெரியாதாம். பிறகு, தெரியாத விஷயத்தைப் பற்றி அரைமணி நேரம் எனக்குப் புத்தி சொன்னார்.

பிள்ளைகளுக்குக் கழிச்சல், வாந்தி, ஓயாத அழுகை. அபின் இல்லாததால் வரும் அவதி. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. ராமாத்தாளும் சுமந்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

சாயங்காலம் மாராத்தாளிடம் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்தது. “மருந்துன்னாங்களேங்க” என்றாள். மற்ற தாய்மாரிடமும் சொல்லச் சொன்னேன்.

மாசி 18, திங்கள்

விடியற்காலையிலேயே போய்விடுகிறேன். டப்பா வரவில்லை. மேஸ்திரி என்னைக் கண்டால் பீடியை எறிந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான்.

அறை அறையாகவே இல்லை. சந்தை. ஒருவன் பஞ்சு மூட்டைமேல் ஏறிக் குதிக்கிறான். இரண்டு பேர் சிரட்டையில் மண் சோறு ஆக்கி எனக்குப் பரிமாறினார்கள், சாப்பிடாவிட்டால் விடவில்லை. செல்லாத்தாள் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொம்புக்குள் போடுகிறாள். ‘ணங்’ என்ற சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் என்னைப் பார்க்கிறாள். “கேட்டுச்சா?” என்கிறாள். கேட்டது கண்ணு.

சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை நாளாக இந்தச் சத்தத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தவர்களை என்ன செய்வது?

புதன்கிழமை மெட்ராஸிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களாம். அறை ‘லட்சணமாக’ இருக்க வேண்டுமாம்.

மாசி 20, புதன்

புழுக்கம். தலைவலி. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் என்னை ஆபீசுக்கு அழைத்து, விருந்தாளிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினார் மானேஜர். வேண்டுமென்றே இழுத்தார். இப்போது புரிகிறது.

அறைக்குத் திரும்பினேன். அலமாரி திறந்திருந்தது. வண்ண மணிகள் பாயில் அழகாகப் பரப்பியிருந்தன. நடுவில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராமாத்தாள் மூலையில் தலையைப் பிடித்துக்கொண்டு. “மேஸ்திரி பக்கத்துலயே நின்னானுங்க. இன்னங்கொஞ்சம், இன்னங்கொஞ்சம்னானுங்க.”

மற்றவர்களை உலுக்கினால் சிணுங்கினார்கள். செல்லாத்தாள் சிணுங்கவில்லை. உதடு நீலம். மூச்சு எப்போதோ ஒன்று. இமையை விலக்கினேன், கண்மணி ஊசி முனை போல.

தூக்கிக்கொண்டு நூற்பு இலாகாவுக்குள் ஓடினேன். மாராத்தாள் மெஷினை விட்டு வந்தாள். நூல் அறுந்தது, அறுந்துகொண்டே இருந்தது. கேட்டில் விருந்தாளிகளின் கார் வந்து நின்றது. முதலாளியின் மனைவி இறங்கி, “என்னங்க இது” என்றார்கள். “அபின்” என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. “உங்க மில்லுல கொடுத்தது.” பிறகு அந்தக் காரிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் யாரையும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். கடுங்காப்பி புகட்டினார்கள். தூங்கவிடக் கூடாது என்றார் லேடி டாக்டர். நானும் மாராத்தாளும் மாறி மாறி நடத்தினோம், கன்னத்தில் தட்டினோம். மாராத்தாள் கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். “கோழி போவுது பாரு கண்ணு. புடி. புடி.” பொழுது சாயும்போது ஒரு சின்னக் கை அவள் முந்தானையைப் பிடித்தது.

மாசி 21, வியாழன்

பிழைத்துவிட்டாள்.

மற்ற பிள்ளைகளும் தெளிந்துவிட்டார்கள் என்று ராமாத்தாள் வந்து சொன்னாள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னையும். மேஸ்திரியை நிறுத்தவில்லை.

முதலாளி வீட்டிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சு. கொண்டுவந்த கணக்குப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். “மொதலாளியம்மா ரொம்ப வருத்தப்படறாங்க. ஆயா தெரியாம செஞ்சுபோட்டான்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிருங்க. இத்தோட போகட்டும்.”

கூடையைத் திருப்பி அனுப்பினேன். நடந்ததை நடந்தபடி லேடி டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். பாக்டரி இன்ஸ்பெக்டரிடம் தாயே நேரில் போய்ச் சொன்னால் பலம் என்றார்.

மாசி 26, செவ்வாய்

செல்லாத்தாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். நடை இன்னும் சரியாகவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து. பேச்சு பாதி வந்திருக்கிறது, மீதி வர வேண்டும். வருமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

மாராத்தாள் கம்பங்கூழ் ஊட்ட வந்தாள். குழந்தை கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு தானே குடிக்கப் பார்த்தது. பாதி சட்டையில், பாதி தரையில். மாராத்தாள் கை ஓங்கியது, அப்படியே நின்றது. “சிந்தட்டுமுங்க” என்றாள்.

மாசி 29, வெள்ளி

காற்று மாறியிருக்கிறது. வேப்பம்பூ வாசம்.

நாளை இன்ஸ்பெக்டர் ஆபீஸ். காலை எட்டு மணி பஸ். மாராத்தாளும் வருகிறாள். போனால் மில் வேலை இருக்காது என்று மேஸ்திரி வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறான். இதை அவள் என்னிடம் சொன்னபோது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வெயிலில் அவ்வளவு தூரம். குழந்தையை யாரிடம் விடப் போகிறாய் என்று கேட்டேன்.

“ஆருகிட்டயும் உடமாட்டனுங்க” என்றாள்.